கொம்பின் முனையில் ஒரு துளை

என் இடது கை ஆள்காட்டி விரலை நம்பித்தான் எங்கள் வீட்டில் பாதி உலை கொதித்தது. நான் பல் மருத்துவர். அதிலும் ரூட் கனால் மட்டுமே செய்கிறவள். வெஸ்ட் வின்ட்சரில் வீடு, பக்கத்திலேயே கிளினிக், கூடவே ஒரு பார்ட்னர். நானும் அவளும் சேர்ந்து ஆரம்பித்த கிளினிக் அது.

ரூட் கனால் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல் வெளியே கல் மாதிரி இருக்கிறதே தவிர, உள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது. ரத்தமும் நரம்பும் அங்கேதான் குடியிருக்கின்றன. மேலிருந்து துளைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போக வேண்டும். எக்ஸ்ரே ஓரளவு வழி காட்டும். மிச்சமெல்லாம் விரல்தான். கெட்டியான இடம் முடிந்து வெற்றிடம் தொடங்கும் நொடியில் கருவி ஒரு மயிரிழை கீழே விழும். அந்த விழுதல் விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அறையின் தரை ஓட்டையாகிவிடும், பல் போச்சு. இத்தனை வருடம் என் விரல் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. மூச்சு விடுவதற்கு நன்றி சொல்கிறோமா என்ன, அதற்கும் நான் சொன்னதில்லை.

நான் பீச்சாங்கைக்காரி. எழுதுவது, ட்ரில் பிடிப்பது, காய் நறுக்குவது எல்லாம் இடது கை. ஆனால் சாப்பிடுவதும், யாருக்காவது எதையாவது கொடுப்பதும், சாமி காரியமும் மட்டும் வலது கை. சின்ன வயதில் அம்மா அடித்துப் பழக்கியது அது. ஊர் விட்டு ஊர் வந்து, நாடு விட்டு நாடு வந்து, அமெரிக்கக் குடிமகளாகச் சத்தியப் பிரமாணம் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அன்று பொங்கல். நியூ ஜெர்சி ஜனவரிக் குளிரில், வீட்டுக்குப் பின்னால் மர டெக்கில் நின்று தேங்காய் உடைத்தேன். உடைப்பது சாமிக்கு. ஆகவே கத்தி வலது கையில், தேங்காய் இடது கையில். கத்தியின் முதுகால்தான் தட்டினேன். இரண்டாவது தட்டில் கத்தி பழக்கமில்லாத பிடிக்குள் திரும்பிக்கொண்டது. கூர்ப் பக்கம் தேங்காயில் வழுக்கி என் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே என் கணவர் கேட்டார்.

“பீச்சாங்கைல ஒடச்சிருந்தா சாமி கோவிச்சுக்குமா?”

“சாமி கோவிச்சுக்காதுங்க. எங்கம்மா கோவிச்சுப்பாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். விரல் நுனி எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அறுந்தது நரம்பு. மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்தார்கள். தைத்த நரம்பு வெறும் குழாய்தானாம். அதற்குள் புது நரம்பு மேலிருந்து மெல்ல வளர்ந்து நுனிவரை வர வேண்டும். வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் பழைய மாதிரி இருக்காது என்று சர்ஜன் சொன்னார். நானும் டாக்டர் என்பதால் என்னிடம் சர்க்கரை தடவிப் பேசவில்லை. பார்ட்னரும் நல்லவள்தான். செப்டம்பரில் வரும் லேபர் டே வரைக்கும் பார்ப்போம், அதற்குள் விரல் வரவில்லை என்றால் ரூட் கனாலுக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம், நீ பேஷண்டுகளோடு பேசு, நிர்வாகத்தைப் பார்த்துக்கொள் என்றாள். பேசுவதும் நிர்வாகமும் எனக்கு எதற்கு? எனக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தச் சின்ன அறைக்குள் போவதுதான்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் பெண் ஒரு வாளி நிறைய அரிசியைக் கொட்டி, அதற்குள் பொத்தான்களைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடச் சொன்னாள். தமிழச்சி கையில் அரிசியைக் கொடுத்தால் அவள் கல் பொறுக்கப் பார்ப்பாள், பொத்தான் தேட மாட்டாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வீட்டில் எல்லோர் மேலும் விழுந்து பிடுங்கினேன். வீட்டில் எல்லோரும் என்றால் என் கணவர் ஒருவர்தான். எங்கள் பெண் டெக்சாஸில் படிக்கிறாள். அவள் போனில் தப்பித்துக்கொள்வாள்.

கணவர் கோபிசெட்டிபாளையம் பக்கம். பார்சிப்பனியில் ஆபீஸ், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. பிடுங்கல் தாங்காமல் ஒரு நாள், “கைவேலை க்ளாஸ் ஒண்ணு இருக்குது, ரெஜிஸ்டர் பண்ணீட்டேன்,” என்றார். மரக்கரண்டி செதுக்கும் வகுப்புக்குத்தான் போட்டிருக்கிறார். அது நிரம்பிவிட்டதால் காலியாக இருந்த இன்னொரு வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். வெடிமருந்துக் கொம்பு செய்யும் வகுப்பு.

அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்த அந்தக் காலத்தில் துப்பாக்கியை ஒவ்வொரு தடவை சுடும்போதும் புதிதாக மருந்து கொட்ட வேண்டும். மருந்து நனையக் கூடாது, பக்கத்தில் பொறி பறக்கவும் கூடாது. அதற்கு மாட்டுக் கொம்புதான் தோது. அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, கூர்முனையில் ஒரு துளை போட்டு, அதற்கு ஒரு தக்கை. தோளில் மாட்டிக்கொண்டு போருக்குப் போயிருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பக்கம் சனி ஞாயிறுகளில் சிலர் அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, அந்தப் போரை நடித்துக்காட்ட வயலில் வெற்றுத் துப்பாக்கி வெடிப்பார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டே பல வருடம் காரில் கடந்து போயிருக்கிறேன். இப்போது அவர்களோடு ஒரு பழைய களஞ்சியத்துக்குள் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிக்கொடுத்தவருக்கு என் வயதுதான் இருக்கும். வாரநாட்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, வாரக்கடைசியில் கொம்பு. என் தொழிலைக் கேட்டுவிட்டு அன்று முழுவதும் டாக்டரைச் சுருக்கி ‘டாக்’ என்றே கூப்பிட்டார். விரலைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ஆளுக்கு ஒரு கொம்பு கொடுத்தார். சொரசொரப்பாக, செதில் செதிலாக, அடிப்பக்கம் அழுக்கு வெள்ளையும் நுனி கறுப்புமாக இருந்தது. அதைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு அடியை வாளால் அறுக்கலாம் என்று காட்டினார். எல்லோரும் மிதித்தார்கள். எனக்குக் கால் எழவில்லை. பசுவின் கொம்பு. கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்தி என்று சொல்ல முடியாது. கை தானாகப் போனது.

அடியை அறுத்து முடித்ததும் கொம்பின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக உடம்பு சிலிர்த்தது. நான் கொம்பு என்றால் முழுக்கக் கெட்டி என்று நினைத்திருந்தேன். இல்லை. உள்ளே ஒரு குழி, நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே வளைந்து போகிறது. மாடு உயிரோடு இருந்தபோது அந்தக் குழிக்குள் எலும்பும் அதைச் சுற்றி ரத்தமும் நரம்பும் இருந்தன என்றார் அவர். வெளியே இருப்பது நம் நகம் மாதிரி, உள்ளே இருந்ததுதான் உயிர்.  இத்தனை வருடமாக நான் வேலை செய்த இடம் அது. ஒரு பல்லை என் முழங்கை நீளத்துக்கு வளர்த்து என் மடியில் வைத்த மாதிரி இருந்தது. எந்தக் கை அதைச் செய்தது என்று யோசித்தேன். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே கை, ஒரே வேலைப்பாடு.

பிறகு ஒரு கம்பியைக் கொடுத்தார். கம்பியை உள்ளே விட்டு, அது முட்டும் இடத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, கொம்பின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். குழி எங்கே முடிகிறது, கெட்டி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். தினமும் கிளினிக்கில் பல்லின் வேருக்குள் மெல்லிய கம்பியை விட்டு நான் நீளம் பார்ப்பது இப்படித்தான். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடுத்த நிமிடமே போய்விட்டது. அடுத்த வேலை துளைப்பது. நுனியிலிருந்து கெட்டியான பகுதியைத் துளைத்துக்கொண்டு போய்க் குழியில் சேர வேண்டும். கொம்போ வளைந்தது, துளையோ நேரானது. கோணம் கொஞ்சம் பிசகினால் ட்ரில் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிடும், கொம்பு வீண். சேர்ந்த பிறகும் அழுத்தினால் வளைவின் எதிர்ச்சுவர் கிழிந்துவிடும். அதனால் சீவுவதற்கு முன்பே துளைத்துவிடுங்கள், வீணானாலும் உழைப்பு வீணாகாது என்றார். பக்கத்து மேஜைக்காரருக்கு வீணானது. அவர் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு கொம்பை எடுத்துக்கொண்டார். நான் என் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். வீட்டில் போய்த் துளைத்துக்கொள்கிறேன் என்றேன். எல்லோரும் இதைத்தானே முதலில் முடித்துவிட நினைப்பார்கள் என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையால் சுற்றும் ட்ரில்லையும் அதில் மாட்டித் துளைக்கும் நீள ஊசியையும் இரவல் கொடுத்து அனுப்பினார்.

கொம்போடு வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் வழி மறித்தார்.

“அதைய எதுக்கு உள்ள கொண்டார? கராஜ்ல வையி.”

“உங்க ஊர்ல மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பக் கும்பிடுவீங்கல்ல?”

“கும்பிடுவோம், வர்ணம் அடிப்போம். ஓட்டை போட மாட்டோம். மாடு கொம்போட நிக்கோணும் கண்ணு. தனிக் கொம்பு கிச்சனுக்கு வரக்கூடாது.”

சரி என்று கராஜுக்குப் போனேன். அந்தக் கோடையில் என் வாசம் அங்கேதான். துளைப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்தேன். அரம் வைத்து ராவினேன். அரத்தை இடது கையிலேயே பிடித்தேன், விரலுக்குப் பயிற்சி என்று. ராவ ராவ மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். அது எனக்குப் பழகிய நாற்றம், பல்லைத் துளைக்கும்போதும் கிட்டத்தட்ட அதே வாசனைதான். என் கணவர் மட்டும் கராஜ் பக்கம் வரும்போது துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். அடிப்பக்கத்தை வட்டமாக்கக் கொம்பை வெந்நீரில் வேக வைக்க வேண்டியிருந்தது. கேம்ப்பிங் அடுப்பில் பழைய குக்கரை வைத்து வேக வைத்தேன். அந்தக் குக்கருக்கு அன்றோடு ஜாதிப் பிரஷ்டம். கொம்பு கையில் ரப்பர் மாதிரி வளைந்தது. கூம்பு வடிவ மரக்கட்டையை உள்ளே திணித்ததும், கோணல் மாணலாக இருந்த வாய், ஆறி எடுத்தபோது அழகான வட்டமாகியிருந்தது. நான் அதை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் வெங்காயத் தோலைக் கொதிக்க வைத்துக் கொம்புக்கு மஞ்சள் நிறம் ஏற்றுவார்களாம். வகுப்பில் சொல்லியிருந்தார். மஞ்சள் நிறத்துக்கு ஒரு தமிழச்சி வெங்காயத் தோலைத் தேடிப் போவாளா? டப்பா நிறைய மஞ்சள் தூள் இருக்கிறது. கொதிக்க வைத்து ஊற வைத்தேன். கல்யாண வீட்டுப் பத்திரிகை ஓரம் மாதிரி அப்படியொரு மஞ்சள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிசுபிசுப்பு போகட்டுமே என்று சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு துடை துடைத்தேன். கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும், சோடா போட்டாலும் சிவக்கும். வீட்டு விசேஷத்தில் எத்தனை தடவை கரைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

எட்டிப் பார்த்த கணவர், “யாருக்கு ஆரத்தி எடுக்கப் போற?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நல்லவேளை, நிறம் மேல் தோலோடு நின்றிருந்தது. வேறு வழியில்லாமல் திரும்பவும் முதலிலிருந்து சீவினேன். கத்தியின் முனையை நிமிர்த்திப் பிடித்து, பூ மாதிரிச் சுருள் சுருளாகச் சீவினேன். கோபத்தில் தேவைக்கு மேல் சீவினேன். கொம்பு மெலிந்துகொண்டே போனது.

ஒரு காலை கராஜ் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். எதிர் வெயில். தூசி தட்டுவதற்காகக் கொம்பைத் தூக்கினேன். வெயில் அதற்குள் புகுந்துவிட்டது. தேன் நிறத்தில் உள்ளிருந்து விளக்கேற்றிய மாதிரி கொம்பு முழுவதும் எரிந்தது. அழுக்கு வெள்ளையாகக் கிடந்த பொருள் அது. அதற்குள் இத்தனை நாள் இந்த ஒளி எங்கே இருந்தது? மெல்லிய வளையங்கள், நீள நீளமான இழைகள், மேகம் கலைவது போல ஒரு பச்சைத் திட்டு, எல்லாம் அந்த மாடு மேய்ந்த மழையும் வெயிலும் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. எந்தக் கோவிலிலும் எனக்கு அப்படி நடந்ததில்லை. உள்ளபடி சொல்கிறேன், அன்று நான் கொம்பின் முன்னால்தான் கும்பிடாமல் கும்பிட்டு உட்கார்ந்திருந்தேன்.

என்ன தோன்றியதோ, இடது கை ஆள்காட்டி விரலை அடிப்பக்கம் வழியாக உள்ளே விட்டேன். வெளிச்சத்தில் என் விரலின் நிழல் கொம்புக்குள் தெரிந்தது. எக்ஸ்ரே மாதிரி, நுனி வரை தெளிவாக. விரலை அசைத்தேன், நிழல் அசைந்தது. உள்சுவரில் விரல் உரசுவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் விரலுக்கு அது தெரியவில்லை. அங்கங்கே எறும்பு கடிக்கிற மாதிரி ஒரு கடுகடுப்பு, அவ்வளவுதான். கொம்புக்குள் விரல் எனக்குத் தெரிகிறது, விரலுக்குக் கொம்பு தெரியவில்லை. கராஜில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அந்த வாரமே பார்ட்னர் போன் செய்தாள். லேபர் டே நெருங்கிவிட்டது. ரூட் கனாலுக்கு ஒரு நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறாள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு எனக்கு நானே ஒரு முடிவு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கொம்பைத் துளைப்பேன். கெட்டி முடிந்து வெற்றிடம் தொடங்கும்போது கருவி விழுவது விரலுக்குத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்பேன். தெரியாவிட்டால் அந்த டாக்டரை வரச் சொல்லிவிடுவேன். படித்தவள் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லை. பூ கட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன்.

 அவர், “இடுக்கி வைஸ்ல மாட்டினா விரிசல் உட்ரும். நான் புடிச்சுக்கறேன்,” என்றார்.

ஞாயிறு மத்தியானம். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மோவர் ஓடிக்கொண்டிருந்தது. கராஜில் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்து, பழைய வேட்டியை மடியில் மடித்துப் போட்டு, அதில் கொம்பைச் சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூக்கில் துண்டு இல்லை. நான் ஸ்டூலில் எதிரே உட்கார்ந்தேன். கம்பியால் அளந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். கோணத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்த்தேன். இந்த விஷயத்தில் என் கண் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ட்ரில்லைச் சுற்றினேன். கறுப்பும் வெள்ளையுமாகத் தூள் சுருண்டு விழுந்தது. குறிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினேன். ட்ரில்லிலிருந்து ஊசியைக் கழற்றி, சின்ன மரப்பிடியில் மாட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தேன். கிளினிக்கில் பிடிப்பது இப்படித்தான். கடைசிக் கொஞ்ச தூரத்தை விரலால்தான் போக வேண்டும்.

“மெல்ல,” என்றார்.

“பேசாதீங்க.”

சுற்றினேன். நிறுத்தி, வெளியே எடுத்து, தூளைத் தட்டி, மறுபடி விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். கெட்டி, கெட்டி, இன்னும் கெட்டி.  வேர்வை இமையில் வழிந்தது. திடீரென்று ஊசி விழுந்தது. விழுந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

“போயிருச்சா?”

“போயிடுச்சு.”

“தெரிஞ்சுதா?”

 விழுந்தது தெரிந்தது. ஆனால் விரலுக்குத் தெரிந்ததா, மணிக்கட்டுக்குத் தெரிந்ததா? அத்தனை அழுத்தம் சட்டென்று விட்டால் தோள்பட்டைக்குக்கூடத் தெரியும். நான் விரும்பியதால் தெரிந்த மாதிரி இருந்ததா? இத்தனை நாள் காத்திருந்து, இத்தனை பயந்து, கடைசியில் தேர்வு எழுதிய பிறகு கேள்வியே தப்பு என்று ஆகிவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“தெரியலங்க. எனக்குத் தெரியவே இல்ல. விடுங்க, நாளைக்கு அவளை வரச் சொல்லிடறேன்.”

அவர் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். எதையாவது செய்ய வேண்டுமே என்று கொம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். துளையில் தூள் அடைத்திருந்தது. நான் அதன் விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க இடது கையால் நுனியைப் பிடித்தேன். அவர் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பொத்தி, வாயை வைத்து, தூளை வெளியேற்ற ஒரு ஊது ஊதினார். கிச்சனுக்குள் வரக்கூடாது என்று சொன்ன கொம்பில் வாய் வைத்து ஊதினார்.

என் விரலில் குளிர்ந்தது.

நான் அசையவில்லை. மறுபடி ஊதச் சொன்னேன். துளையின் மேல் இடது ஆள்காட்டி விரலை, தொடாமல், அரிசி கனத்துக்குத் தள்ளிப் பிடித்தேன். ஊதினார். விரலின் உள்பக்கத்தில் ஒன்றுமில்லை. வெளிப்பக்கத்தில், பாதி நுனியில், ஒரு குளிர்ச்சி ஓடியது. இங்கே அழுத்தம் இல்லை, மணிக்கட்டு இல்லை, தோள்பட்டை இல்லை. வெறும் காற்று. ஒரு மனிதனின் மூச்சு, மாட்டின் கொம்புக்குள் உயிர் இருந்த இடம் வழியாக, நான் போட்ட துளையில் வெளியே வந்து என் விரலில் பட்டது.

“எனக்குத் தெரியுதுங்க.”

“நெசமா? கண்ணை மூடு.”

முகத்தையும் திருப்பிக்கொண்டேன். மோவர் சத்தத்தில் அவர் ஊதுவது காதில் விழ வழியில்லை. விரல் மட்டும்தான். காத்திருந்தேன்.

“இப்ப ஊதறேன்,” என்றார்.

ஒன்றுமில்லை. விரல் சும்மா இருந்தது.  ஆனால் சும்மா இருப்பது என்பது இல்லாமல் போனது அல்ல என்று அந்த விரல் எனக்குச் சொன்னது. எட்டு மாதமாக அதற்கு அந்த வித்தியாசம் தெரியாது.

“பொய். நீங்க ஊதல.”

 மோவர் தூரமாகப் போய்த் திரும்பி வந்தது. அப்புறம் ஒரு மெல்லிய காற்று, முன்னதைவிட மெல்லியது, பாதி நுனியைத் தொட்டுவிட்டு நின்றது.

“இப்ப ஊதினீங்க. கொஞ்சமா.”

 “ஆமா,” என்றார்.

பாதி விரல்தான். பாதி விரலை வைத்துக்கொண்டு யார் பல்லையும் திறக்க முடியாது. ஆனால் பாதி வந்த நரம்பு வழியில் இருக்கிறது. நாளைக்குப் பார்ட்னரிடம் அவகாசம் கேட்பேன், அவள் எரிச்சல்பட்டாலும் கேட்பேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கண்ணைத் திறக்காமல், “இன்னும் ஒரு தடவை,” என்றேன்.

“தலை சுத்துது கண்ணு. போதுமே.”

“போதாதுங்க.”

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கொம்பில் வாயை வைத்தார்.